36 விழுக்காடு என்பது எவ்வளவு?

எங்கள் கல்லூரி ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நாள், வேதியியல் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர் தம் உடற்பரிசோதனை அறிக்கையை என் முன் விரித்து வைத்தார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டரால் ஆகியவற்றின் அளவுகளுக்குக் கீழே, “பத்து ஆண்டுகளில் இதய நோய் வரும் அபாயம்: 18 விழுக்காடு” என்று அச்சாகியிருந்தது.

“சார், நீங்கள் பௌதிகக்காரர். இதற்கு என்ன பொருள் சொல்லுங்கள். 18 மார்க் போனால் மீதி 82. பாஸ்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நானும் சிரித்தேன். “பயப்படாதீர்கள் சார்” என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவர் ஏழெட்டு மாதங்கள் சாப்பிட்டார். மறு பரிசோதனையில் கொலஸ்டரால் அளவு இறங்கியிருந்தது. குணமாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டார். பின்னர் நடந்ததை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

வேதியியல் கற்பிக்கும் ஒருவரும் இயற்பியல் கற்பிக்கும் ஒருவரும் ஓர் எண்ணை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கலைந்தோம் என்றால், அந்த எண் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்? “நோயாளிகளுக்கு அபாயம் என்றால் என்னவென்று தெரிவதில்லை” என்பது மருத்துவ உலகில் அடிக்கடி கேட்கும் குறை. அந்தக் குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், புரியும்படி அது சொல்லப்படுகிறதா என்ற கேள்வியை யாராவது கேட்க வேண்டும் அல்லவா? உலகப் புகழ் பெற்ற ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

நட்சத்திரக் குறியின் கீழே

இரத்தத்தில் கொலஸ்டராலைக் குறைக்கும் மருந்துகளில் அடோர்வாஸ்டாடின் ஒன்று. ஃபைசர் நிறுவனம் அதை ‘லிப்பிட்டார்’ என்ற பெயரில் விற்றது. ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக விற்பனையான மருந்து அதுதான். டாக்டரின் சீட்டுக்குத் தரும் மருந்துகளையும் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரம் செய்ய அமெரிக்காவில் இடமுண்டு. செயற்கை இதயத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் ஜார்விக், 2006 முதல் இந்த மருந்தின் விளம்பரங்களில் தோன்றினார். ஏரியில் அவர் படகு வலிப்பது போன்ற காட்சியும் தொலைக்காட்சியில் வந்தது.

2008-இல் இந்த விளம்பரம் பெரும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. ஜார்விக் மருத்துவப் பட்டம் பெற்றவரே ஆயினும் மருத்துவத் தொழில் செய்ய உரிமம் பெற்றவர் அல்லர் என்பதும், படகு வலித்தவர் அவரே அல்லர், அவருக்குப் பதிலாக வேறொருவர் என்பதும் வெளியாயின. அமெரிக்கக் காங்கிரஸ் குழு விசாரணையைத் தொடங்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் நிறுவனம் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது.

துடுப்பைப் பிடித்தவர் யார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. அதே வரிசையில் வந்த பத்திரிகை விளம்பரத்தில் இருந்த ஓர் எண்ணே என் கவலை. லிப்பிட்டார் மாரடைப்பு அபாயத்தை 36 விழுக்காடு குறைக்கிறது என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அருகே ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தேடிக் கீழே சென்றால், சிறிய எழுத்தில் விளக்கம்: ஒரு பெரிய ஆய்வில், மருந்தற்ற போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு வந்தது.

பிசினஸ் வீக் என்னும் அமெரிக்க வார இதழ் 2008 ஜனவரியில் இந்த எண்ணை முகப்புக் கட்டுரையிலேயே அலசியது. நாமும் அந்த ஆய்வைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம்.

ஒரே உண்மை, மூன்று வேடங்கள்

பிரிட்டன், அயர்லாந்து, வட ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2003-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. ஏற்கெனவே இரத்தக் கொதிப்பும், அதோடு குறைந்தது மூன்று ஆபத்துக் காரணிகளும் உடைய 10,305 பேர் இதில் பங்கேற்றனர். 5,168 பேருக்கு அடோர்வாஸ்டாடின். 5,137 பேருக்குப் போலி மாத்திரை. நன்மை தெளிவாகத் தெரிந்ததால், ஐந்தாண்டு ஆய்வைச் சுமார் 3.3 ஆண்டுகளிலேயே முடித்துக்கொண்டார்கள். அதற்குள் போலி மாத்திரைக் குழுவில் 154 பேருக்கு மாரடைப்போ இதயக் குழாய் நோயால் மரணமோ ஏற்பட்டது. மருந்துக் குழுவில் அந்த எண்ணிக்கை 100.

இந்த முடிவை மூன்று விதமாகச் சொல்லலாம்.

முதலாவது: அபாயம் 36 விழுக்காடு குறைந்தது. 3.0 என்பது 1.9 ஆகிவிட்டது, குறைந்த அளவை முதல் அளவால் வகுத்தால் இந்த எண் வரும்.

இரண்டாவது: 100 பேருக்கு 3 பேர் என்பது 2 பேர் என்றாயிற்று. குறைந்தது நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்.

மூன்றாவது: ஒருவரைக் காப்பாற்ற ஏறக்குறைய 90 பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது.

மூன்றும் உண்மை. மூன்றும் ஒரே உண்மை. ஆனால் கேட்பவர் மனத்தில் மூன்றும் ஒரே விளைவை உண்டாக்குமா?

இதைக் கனடாவின் டொராண்டோ ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 1995-இல் வெளியிட்டனர். ஹெல்சிங்கியில் நடந்த மற்றொரு கொழுப்பு மருந்து ஆய்வின் முடிவை எடுத்துக்கொண்டு, 100 புறநோயாளிகளிடம் அதை வெவ்வேறு வடிவங்களில் சொல்லி, “இம்மருந்தைச் சாப்பிடுவீர்களா?” என்று கேட்டனர். மாரடைப்பு 34 விழுக்காடு குறைகிறது என்று சொன்னபோது 88 பேர் சம்மதித்தனர். நூற்றுக்கு 1.4 பேருக்குக் குறைகிறது என்று சொன்னபோது 42 பேர். ஒருவரைக் காக்க 71 பேர் ஐந்தாண்டு மருந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னபோது 31 பேர். மருந்து ஒன்றே, பலனும் ஒன்றே. சொல்லும் முறை மாறியது, முடிவும் மாறியது.

இதனைக் கண்டு நோயாளிகளின் அறிவைக் குறை கூறுவது நியாயமாகாது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் “நீளம் 36” என்று எழுதினால், அலகு எங்கே என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். “36 விழுக்காடு குறைந்தது” என்பதும் அலகு இல்லாத எண்ணே. எதிலிருந்து குறைந்தது, எத்தனை ஆண்டுகளில், எத்தகைய மக்களில் என்ற மூன்றும் இல்லாமல் அது ஓர் அளவீடே ஆகாது. அந்த விளம்பரம் பொய் சொல்லவில்லை. உண்மையின் தலையைப் பெரிய எழுத்திலும், உடலைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டது. என் குற்றச்சாட்டு அதுதான்.

அணுவும் ஆளும்

இனி, நண்பரின் 18 விழுக்காட்டுக்கு வருவோம். இந்த வகைக் கணக்கின் தாய்வீடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிரேமிங்காம் என்ற ஊர். 1948-இல் அங்கு 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய இரத்த அழுத்தம், கொலஸ்டரால், புகைப்பழக்கம் போன்றவற்றைக் குறித்துக்கொண்டு, யாருக்கு இதய நோய் வருகிறது என்று ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இன்ன வயது, இன்ன அழுத்தம், இன்ன கொழுப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு இத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற அட்டவணைகள் இத்தகைய ஆய்வுகளிலிருந்தே பிறந்தன.

ஆகவே 18 விழுக்காடு என்பதன் பொருள் இதுதான்: அவரைப் போன்ற 100 பேரை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால், பத்து ஆண்டுகளுக்குள் அவர்களில் 18 பேருக்கு இதய நோய் வரும், 82 பேருக்கு வராது. யார் அந்த 18 பேர் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இயற்பியல் படித்தவர்களுக்கு இது பழகிய நிலைமை. தைராய்டு சிகிச்சையில் பயன்படும் அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருளின் அரை வாழ்வு ஏறக்குறைய 8 நாட்கள். அதில் கோடி அணுக்களை எடுத்துக்கொண்டால் 8 நாட்களில் அரைக்கோடி சிதைந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் ஓர் அணுவைச் சுட்டிக்காட்டி, “இது என்று சிதையும்?” என்று கேட்டால் எவரிடமும் விடை இல்லை. கூட்டத்தைப் பற்றிய அறிவு உறுதியானது. தனி ஒன்றைப் பற்றிய அறிவு அத்தகையதன்று.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அயோடின் அணு எதைச் செய்தும் தன் அரை வாழ்வை மாற்றிக்கொள்ள முடியாது. மனிதன் மாற்றிக்கொள்ளலாம். சிகரெட்டை விடலாம், இரத்தக் கொதிப்பை அடக்கலாம், நடக்கலாம். அதாவது, 18 பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தை விட்டு எழுந்து, 10 பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்திற்குப் போய் உட்காரலாம். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, உலகெங்கும் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு ஒன்பதே காரணிகள் பொறுப்பு என்று கண்டது. அவற்றில் பெரும்பாலானவை மாற்றக்கூடியவை.

நார்மன் மாமாவும் சுருட்டுத் தாத்தாவும்

நோயாளிகளுக்கும் ஒரு புள்ளியியல் உண்டு. பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் மக்களிடையே பேசிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 1991-இல் அதை எழுதினார்கள். யாருக்கு மாரடைப்பு வரும் என்று மக்கள் தாமே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: பருத்தவர், புகைப்பவர், படபடப்புக்காரர். அந்தக் கணக்கைப் பொய்ப்பிக்கும் இருவரையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருவர், புகைத்தும் குடித்தும் நெடுங்காலம் வாழ்ந்த ‘நார்மன் மாமா’. மற்றவர், எந்தக் கெட்ட பழக்கமும் இன்றித் திடீரென்று மாண்டவர்.

நம் ஊரிலும் இவர்கள் இருக்கிறார்களே! “எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெற்றிலைகூடப் போடமாட்டார்; நாற்பத்தைந்தில் போய்விட்டார்.” இதைக் கேட்டுச் சில டாக்டர்கள் எரிச்சல் அடைகிறார்கள். எரிச்சல் வேண்டாம். இருவரும் உண்மையானவர்களே. 18 விழுக்காடு என்ற கணக்கிலேயே நோய் வராத 82 பேர் இருக்கிறார்கள். தாத்தா அவர்களில் ஒருவர். தாத்தாவோடு சுருட்டுப் பிடித்து ஐம்பதில் மறைந்த தோழர்களைப் பற்றிக் கதை சொல்ல ஆளில்லை என்பதே வேறுபாடு.

பக்கத்து வீட்டுக்காரரையும் கணக்கு விளக்கும். உதாரணத்திற்காக 1,000 பேர் உள்ள ஒரு சிற்றூரைக் கற்பனை செய்யுங்கள். 100 பேருக்கு அபாயம் 20 விழுக்காடு. மீதி 900 பேருக்கு 4 விழுக்காடு. முதல் குழுவில் நோய் வருவோர் 20 பேர். இரண்டாம் குழுவில் 36 பேர்! அபாயம் குறைந்தவர்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆகவே நோயாளிகளும் அவர்களிடையே மிகுதி. பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1981-இல் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். ‘குறைந்த அபாயம்’ என்பது ‘அபாயமில்லை’ என்பதாகாது. இதைச் சொல்லாமல், நல்ல பழக்கம் இருந்தால் மாரடைப்பே வராது என்று பிரசாரம் செய்தால், பக்கத்து வீட்டுக்காரர் இறந்த அன்று மக்கள் அந்தப் பிரசாரம் முழுவதையும் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

மறுபக்கத் தவறு

விளம்பரத்தைக் கண்டித்தவர்களில் சிலர் எதிர்த்திசையில் சாய்ந்தார்கள். “நூற்றுக்கு ஒருவர்தானே! மாத்திரையே வேண்டாம்” என்றார்கள். இதுவும் அலகில்லாத கணக்கே. அந்த ‘ஒருவர்’ 3.3 ஆண்டுகளில், நூற்றுக்கு மூன்று பேர் என்ற அபாயம் உள்ள கூட்டத்தில் கிடைத்த எண். இதய நோய் மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் கதையன்று. இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவது பல பத்தாண்டுகள் நடக்கும் வேலை.

என் நண்பரின் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் 100 பேருக்கு 18. மாத்திரை அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் என்று கொண்டால் 18 என்பது 12 ஆகும். காப்பாற்றப்படுபவர்கள் ஒருவர் அல்லர், ஆறு பேர். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்கு முதல் எண்ணே உயர்ந்தது. ஆகவே அவர்கள் பெறும் நன்மையும் பெரிது. முதல் எண் 2 ஆக உள்ள இளைஞருக்கோ நன்மை மிகச் சிறிது. ஒரே மருந்து, ஒரே 36 விழுக்காடு; ஆனால் ஆளுக்கு ஆள் பலன் வேறு.

முதல் எண்ணைக் கணக்கிட்ட அட்டவணை எந்த மக்களிடமிருந்து பிறந்தது என்பதும் முக்கியம். இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிற நாட்டினருக்கு ஏறக்குறைய 59. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் உலகை 21 வட்டாரங்களாகப் பிரித்து, தெற்காசியா உட்பட ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை வெளியிட்டதன் காரணம் இதுவே. நண்பரின் அறிக்கையில் எந்த அட்டவணை என்ற குறிப்பே இல்லை.

கண்ணால் கண்டால்

எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. கேட்டவர் ஏதாவது செய்ய வேண்டும்.

ஸ்வீடனின் வடபகுதியில் நடந்து, 2019-இல் லான்செட் இதழில் அச்சான ஓர் ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. ஆபத்துக் காரணிகள் இருந்தும் நோய்க்குறி எதுவும் இல்லாத 3,532 பேருக்குக் கழுத்து இரத்தக் குழாய்களை ஒலி அலைகளால் படம் பிடித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அவரவர் குழாயின் நிலையை வண்ணப் படமாக அனுப்பி, சில வாரங்களில் ஒரு செவிலியர் தொலைபேசியில் விளக்கினார். அவர்களுடைய டாக்டர்களுக்கும் படம் சென்றது. மீதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். ஓராண்டு கழித்துக் கணக்கிட்டபோது, படம் பெற்றவர்களின் அபாய மதிப்பு மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது.

வேறுபாடு பெரிதன்று. ஆயினும் பாடம் பெரிது. ‘18 விழுக்காடு’ எங்கோ இருக்கும் கூட்டத்தைப் பற்றியது. ‘இது உன் குழாய்’ என்பது தன்னைப் பற்றியது. படத்துடன் ஒரு மனிதக் குரலும் சேர்ந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒவ்வொருவருக்கும் இத்தகைய படம் எடுப்பது இயலாத காரியம். ஆனால் ஒவ்வொருவரும் கேள்வி கேட்கலாம். அடுத்த முறை டாக்டரிடமோ, விளம்பரத்திலோ, அறிக்கையிலோ ஒரு விழுக்காட்டைச் சந்தித்தால் இவற்றைக் கேளுங்கள்:

1. என்னைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு நோய் வரும்?
2. எத்தனை ஆண்டுகளில்?
3. மருந்து சாப்பிட்டால், அல்லது புகையை விட்டால், அந்த எண் எத்தனையாகக் குறையும்?
4. மருந்தால் வரக்கூடிய தொல்லைகள் எவை? தசை வலி வந்தால், சர்க்கரை ஏறினால் என்ன செய்வது?
5. எத்தனை காலம் சாப்பிட வேண்டும்? அளவு இறங்கியதும் நிறுத்தலாமா?

ஐந்தாவது கேள்வியை என் நண்பர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால், “அளவு இறங்கியது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம், நிறுத்தினால் சில வாரங்களில் மீண்டும் ஏறும்” என்று டாக்டர் சொல்லியிருப்பார். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திய மறு ஆண்டு அவருக்கு மாரடைப்பு வந்தது. நல்லவேளையாக விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “சார், நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காதா?”

இம்முறை நான் சிரிக்கவில்லை. மணி அடிக்கவும் இல்லை. “சொல்ல முடியாது சார். மாத்திரை சாப்பிட்டும் நோய் வரும் அந்தப் பன்னிரண்டு பேரில் நீங்கள் ஒருவராக இருக்கலாம். தப்பித்திருக்கக்கூடிய ஆறு பேரில் ஒருவராகவும் இருக்கலாம். எது என்று யாருக்கும் தெரியாது” என்று, மண்டபத்தில் உட்கார்ந்த நூறு பேரின் கதையை முழுவதும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருக்கமாட்டேனே” என்றார்.

அறிக்கையை அச்சிட்டவர்களுக்கும், விளம்பரம் எழுதியவர்களுக்கும், எனக்கும் சேர்த்து அவர் எழுதிய விமர்சனம் அது. ஒரு வரியில் ‘18 விழுக்காடு’ என்று அச்சிட்ட இடத்தில், “உங்களைப் போன்ற 100 பேரில் 18 பேருக்குப் பத்து ஆண்டுகளில் இதய நோய் வரும், மருந்தைத் தொடர்ந்தால் ஏறக்குறைய 12 பேருக்கு, இன்னார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது” என்று மூன்று வரி அச்சிடக் கூடுதலாகச் செலவாவது கொஞ்சம் மை மட்டுமே.